மாமனும் மருமக்களும்: குமாரசுவாமி – பொன்னம்பலம் குடும்ப வரலாறு

எங்கள் நாட்டிலே, சிறப்பாக யாழ்ப்பாணப் பகுதியிலே, ஒருவர் இறந்து முப்பத்தொராம் நாட் கிரியை நிகழும்போது நினைவு மலர் அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. அதனைக் கல்வெட்டு என்றும் கூறுவர். அம்மலரின் நடுவே பெரும்பாலும் ஒரு வம்சாவளி இருக்கும். மூதாதையர் ஒருவரின் பெயர் உச்சியிலே நிற்க, அதிலிருந்து கிளைகள் பிரிந்து பிரிந்து, கடைசியிலே பேரர், பூட்டர் பெயர்களோடு முடியும். இன்னார் வைத்தியர், இன்னார் பொறியியலாளர், இன்னார் பிறநாட்டிலே உயர்பதவி வகிப்பவர் என்னும் விவரங்களும் அருகே காணப்படும். ஒரு குடும்பம் தன் ஏற்றத்தைத் தானே எண்ணிப் பார்த்து மகிழும் முறை இது. இதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு பெருங்குடும்பத்தின் பெருமை என்பது யாது, அது பதவிகளின் தொகையா, வேறொன்றா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இலங்கை வரலாற்றிலே தக்கதொரு எடுத்துக்காட்டு இருக்கின்றது. அதுவே குமாரசுவாமி – பொன்னம்பலம் குடும்பம்.

இக்குடும்பத்தின் வேர் வடமராட்சியைச் சேர்ந்த கெருடாவில் என்னும் ஊரிலே இருக்கின்றது. அங்கிருந்து கொழும்புக்குப் பெயர்ந்த குடும்பத்திலே 1783ஆம் ஆண்டு பிறந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. அவர் வளர்ந்த காலத்திலே ஆங்கிலேயர் இந்நாட்டின் கரையோரங்களைக் கைப்பற்றினர். ஆளவந்தவர்க்குக் குடிகளின் மொழி தெரியாது. குடிகளுக்கு ஆளவந்தவரின் மொழி தெரியாது. இரண்டுக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளரே அக்காலத்திற் செல்வாக்குப் பெற்றனர். குமாரசுவாமி அவ்வுத்தியோகத்திலே அமர்ந்து கேற் முதலியார் பட்டம் பெற்றார். 1833ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டபின், தமிழருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்திலே முதன்முதலாக அமர்ந்தவரும் அவரே. 1836ஆம் ஆண்டு அவர் காலமானபோது அவருடைய மைந்தர் முத்துக்குமாரசுவாமி சிறு குழந்தை.

தந்தையின் ஆசனம் மகனுக்கு வருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஆனால் இக்குடும்பத்தின் தொடர்ச்சி மகன் வழியாக மட்டும் வந்ததன்று. முதலியார் குமாரசுவாமியின் மகள் செல்லாச்சி அம்மையாரை மானிப்பாயைச் சேர்ந்த அருணாசலம் பொன்னம்பலம் என்பார் மணந்தார். பொன்னம்பல முதலியாரும் அரசாங்க உத்தியோகத்தர், பெருஞ் செல்வர், சிவபத்தி மிக்கவர். கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1857ஆம் ஆண்டளவிலே எழுப்புவித்தவர் இவரே. இத்தம்பதியர்க்கு மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். 1849இல் குமாரசுவாமியும், 1851இல் இராமநாதனும், 1853இல் அருணாசலமும் பிறந்தனர். மூத்த மகனுக்குத் தாயின் தந்தையுடைய பெயரே இடப்பட்டது.

ஆகவே, வரலாற்று நூல்களில் நாம் படிக்கும் பெரியோர் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. சேர் முத்துக்குமாரசுவாமி, இம்மூன்று சகோதரருக்கும் அம்மான். அவருடைய மகன் ஆனந்த குமாரசுவாமி இவர்களுக்கு மைத்துனன். மாமனையும் மருமக்களையும் இணைத்து நிற்பவர் செல்லாச்சி அம்மையார் ஒருவரே. அவரைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. சட்டசபையிலே பேசியவர்களின் உரைகள் அச்சிலே கிடக்கின்றன. அவர்களைப் பெற்று வளர்த்தவளின் சொல் ஒன்றும் எழுதப்படவில்லை. வம்சாவளி வரைவோர் பெண்மக்களை ஒதுக்கி ஆண்வழியை மட்டும் எழுதுவராயின் இக்குடும்பத்தின் கதையே இரண்டாக அறுந்துவிடும் என்பதை இங்கு நாம் கண்டுகொள்ளலாம்.

முத்துக்குமாரசுவாமி 1862 முதல் 1879 வரை சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக இருந்தார். அவருக்குப்பின், 1879ஆம் ஆண்டிலே, இருபத்தெட்டு வயதினரான மருமகன் இராமநாதன் அவ்வாசனத்தைப் பெற்றார். அவருக்கு எதிராகப் பிறிற்றோ என்னும் நியாயவாதியின் பெயரும் பேசப்பட்டது. யாழ்ப்பாணத்திலே இராமநாதனை ஆதரித்துக் குரல் எழுப்பியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலர் அவ்வாண்டு இறுதியிலே சிவபதம் அடைந்தார். இராமநாதன் 1892ஆம் ஆண்டு சொலிசிற்றர் ஜெனரல் பதவியை ஏற்றபோது, தமையனார் பொன்னம்பலம் குமாரசுவாமி 1893 தொடக்கம் 1898 வரை அதே ஆசனத்தில் அமர்ந்தார். 1862 முதல் 1898 வரை முப்பத்தாறு ஆண்டுகள் தமிழர் ஆசனம் ஒரே குடும்பத்தினரின் கையிலே இருந்தது.

இதனை வெறும் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்வது வரலாற்று ஆசிரியனுக்கு அழகன்று. அக்காலத்திலே வாக்குரிமை என்பது இல்லை. தேசாதிபதி நியமித்தவரே பிரதிநிதி. ஆங்கிலக் கல்வியும், கொழும்பிலே வீடும், செல்வமும், ஆளுவோர்க்கு அறிமுகமும் உள்ளவர்க்கே அந்நியமனம் கிட்டும். வன்னியிலே வயல் உழுதவனுக்கும், மட்டக்களப்பிலே வலை இழுத்தவனுக்கும், மலைநாட்டிலே தேயிலைக் கொழுந்து பறித்தவளுக்கும் அவ்வாசனத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல உரிமை இருக்கவில்லை. ஆகவே ஆசனம் கிடைத்தது குடும்பத்தின் நற்பேறு எனலாம். கிடைத்ததைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் மாமனாரைப் பார்ப்போம். முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்று, கிறித்தவரும் யூதரும் அல்லாதார் எவரும் அதற்குமுன் பெறாத பாரிஸ்டர் தகுதியை 1863ஆம் ஆண்டிலே பெற்றார். 1874இல் அவருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. இவை பதவியும் பட்டமும். இவற்றிலும் நிலைத்தது அவருடைய மொழிபெயர்ப்புப் பணி. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திலே பெயர்த்து 1863இல் வெளியிட்டார். பௌத்தர்களின் பாளி நூல்களான தாடாவம்சத்தையும் சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியையும் 1874ஆம் ஆண்டிலே ஆங்கில வாசகர்க்கு அளித்தார். சைவத் தமிழர் ஒருவர் புத்தரின் தந்த வரலாற்றைப் பாளியினின்றும் பெயர்த்து உலகுக்கு வழங்கினார் என்பது நம் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி. முதலியார் குமாரசுவாமி அரசாங்கத்தின் பொருட்டு மொழிபெயர்த்தார். அவர் மைந்தர் அறிவின் பொருட்டு மொழிபெயர்த்தார். ஒரே தொழில் இரண்டு தலைமுறைக்குள் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

மருமக்களுள் மூத்தவரான குமாரசுவாமி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே பழந்தமிழ் இலக்கியம் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். தம்பியரின் புகழ் வெளிச்சத்திலே அவர் மறைந்துபோனார். பெருங்குடும்பங்களில் இவ்வாறு மறைந்துபோகும் ஒருவர் எப்பொழுதும் இருப்பார்.

நடுவிலவரான இராமநாதன் கொழும்பு அக்கடமியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று அப்புக்காத்தானவர். கொழும்பு அக்கடமியே பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்றது. வெசாக்குத் திருநாள் 1885ஆம் ஆண்டு அரசாங்க விடுமுறை நாளாக்கப்பட்டபோது அதற்காக உழைத்தோருள் அவரும் ஒருவர். 1911ஆம் ஆண்டிலே ‘படித்த இலங்கையர்’ என ஓர் ஆசனம் வகுக்கப்பட்டு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. வாக்காளர் தொகை மூவாயிரத்தையும் எட்டவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் சிங்களர். அவ்வாறிருந்தும் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று இராமநாதன் தெரிவு செய்யப்பட்டார். இன ஒற்றுமையின் வெற்றி என்று இதனை நெடுங்காலம் புகழ்ந்து பேசினோம். சிங்கள மேல்வகுப்பாரிடையே நிலவிய சாதிப் பூசலும் இவ்வெற்றிக்குத் துணைசெய்தது என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். இரண்டும் உண்மை.

1915ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. சிங்களத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பினால் உயிரிழந்தோரும் உண்டு. அந்நாளிலே சட்டசபையில் எழுந்து, அடக்குமுறையின் அநீதியை எடுத்துரைத்தவர் இராமநாதன். பின்னர் இங்கிலாந்துக்கும் சென்று வழக்கை முன்வைத்தார். 1916இல் இலண்டனிலே அது பற்றி நூலும் வெளியிட்டார். அவர் திரும்பி வந்தபோது அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அதனை இழுத்துச் சென்றனர் என்பது பலரும் அறிந்த செய்தி. எனினும் அக்கலகத்திலே கடைகளையும் உடைமைகளையும் இழந்த முஸ்லிம் மக்கள் தம் துன்பத்துக்கு அவர் உரைகளில் உரிய இடமில்லை என்று வருந்தினர். அவ்வருத்தத்தையும் வரலாறு பதிந்து வைக்கவேண்டும்.

இளையவரான அருணாசலத்தின் பாதை வேறு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே கற்று, 1875ஆம் ஆண்டு திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவர். 1887இல் பதிவாளர் நாயகமானார். காணி உறுதிகளின் பதிவு சீர்கெட்டுக் கிடந்த அலுவலகத்தை ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு அவர் பொறுப்பிலே நடந்தது. அவ்வாண்டு இந்நாட்டின் சனத்தொகை 35,65,954. எண்களை அடுக்கியதோடு அமையாது, நாட்டின் வரலாறு, சமயங்கள், மக்கள் வழக்கங்கள் யாவற்றையும் விளக்கி அவர் எழுதிய அறிக்கையை இன்றும் ஆய்வாளர் எடுத்துப் படிக்கின்றனர். அரசாங்க அறிக்கை ஒன்று நூறாண்டு கழிந்தும் வாசிக்கப்படுவது அரிது.

1913இல் உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய பின்னரே அவருடைய பொதுவாழ்வு தொடங்கிற்று. அறுபது வயதிலே பலர் சாய்மனைக் கதிரையை நாடுவர். அருணாசலம் 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1917இல் சீர்திருத்தச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளர் வேலையை விட்டு நீங்கினாற் சிறைத்தண்டனை பெறும் கொடிய விதி அக்காலத்தில் இருந்தது. அதனை ஒழிக்க அவர் இடையறாது போராடினார். 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே அவ்விதி நீக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு திசெம்பர் 11ஆந் தேதி இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியபோது அதன் முதற்றலைவராக அவரைத் தெரிந்தெடுத்தனர். சிங்களரும் தமிழரும் ஒரே மேடையிலே நின்ற காலம் அது.

அக்காலம் நீடிக்கவில்லை. கொழும்பிலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதற்குத் துணைநிற்போம் என்று சிங்களத் தலைவர்கள் அளித்த வாக்குறுதி காக்கப்படாமையால் 1921ஆம் ஆண்டு அருணாசலம் காங்கிரசை விட்டு விலகினார். 1923இல் இலங்கைத் தமிழ் மக்கள் சங்கத்தை நிறுவினார். தலயாத்திரை சென்றவிடத்து, 1924 சனவரி 9ஆந் தேதி மதுரையிலே உயிர்நீத்தார். ஒரு நாட்டின் ஒற்றுமைக்காக உழைத்த முதியவர் மனமுடைந்து விலகியது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமன்று. அன்று தவறவிட்ட சந்தர்ப்பத்தின் விலையை இந்நாடு பின்னர் மிகப் பெரிதாகச் செலுத்திற்று.

சகோதரர் எல்லா வகையிலும் ஒத்திருந்தனர் என்று எண்ணவேண்டா. இராமநாதன் மரபைப் போற்றியவர். டொனமூர் ஆணைக்குழு 1928ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அதனை வன்மையாக எதிர்த்தார். 1930இல் முதுமையிலும் இங்கிலாந்து சென்று முறையிட்டார். அவ்வாண்டு நவம்பர் 26ஆந் தேதி மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. ஏழையும் பெண்ணும் தாழ்த்தப்பட்டோரும் அதனாலேயே முதன்முதலாக அரசியலில் வாய் திறந்தனர். இவ்விடயத்திலே இராமநாதன் காலத்தின் போக்கை உணரவில்லை என்று சொல்லுதல் அவருக்கு இழைக்கும் அவமதிப்பாகாது. முன்னோரைத் தெய்வமாக்குவதிலும் மனிதராக அறிவதே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

இனி மைத்துனரைப் பற்றிச் சில சொற்கள். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பிலே பிறந்தார். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயதிலே தந்தையை இழந்து இங்கிலாந்திலே வளர்ந்தார். புவியியற் பாறைகளை ஆராயும் விஞ்ஞானியாக இந்நாட்டுக்கு வந்து, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியை நடத்தினார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர் கண்ணிலே, நலிந்துகொண்டிருந்த கைவினைகள் பட்டன. அதன் பயனாக 1908இல் வெளிவந்தது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல். 1917 முதல் 1947இல் மறையும்வரை அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை அரும்பொருட்சாலையிலே பணிபுரிந்தார். ஆடல்வல்லானின் திருவுருவத்தின் பொருளை மேனாட்டார் உணரச் செய்தவருள் முதன்மையானவர் அவர். தந்தையார் பாளி நூலைப் பெயர்த்தார். மைந்தர் கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்ட பொருளைப் பெயர்த்தார். தந்தையை அறியாது வளர்ந்த பிள்ளையிடத்தும் அக்குடும்பத்தின் தொழில் வந்து பொருந்தியதை என்னென்பது!

நேயர்களே, தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது வருவோம். இக்குடும்பம் சேர்த்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை யாவை? முப்பத்தாறு ஆண்டுகள் அவர்கள் கையிலிருந்த தமிழர் ஆசனம் இன்றில்லை. இனவாரிப் பிரதிநிதித்துவம் 1931ஆம் ஆண்டோடு முடிந்தது. அருணாசலத்தின் மைந்தர் சேர் மகாதேவா 1942இல் உள்நாட்டு மந்திரியானார். ஆயினும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி. ஜி. பொன்னம்பலத்திடம் தோல்வியுற்றார். குடும்பப் பெயர் ஒன்றையே கண்டு மக்கள் வாக்களிக்கவில்லை. பட்டங்களும் அவற்றை வழங்கிய சாம்ராச்சியத்தோடு போயின.

போகாதவை வேறு. இராமநாதன் தம் பொருளைக் கொண்டு சைவப் பெண்பிள்ளைகளுக்கென மருதனார்மடத்திலே 1913இல் நிறுவிய கல்லூரி இருக்கின்றது. அதன் முதல் அதிபராக இருந்தவர், கவிஞர் யேற்சின் நண்பரும் நடிகையுமான புளோறன்ஸ் பார் அம்மையார். பெண்கல்வியைப் பலர் ஐயத்தோடு நோக்கிய காலத்திலே விடுதியோடு கூடிய அக்கல்லூரி எழுந்தது. அதிலே படித்துப் போன மாணவியர் ஊரூராக ஆசிரியைகளாயினர். 1921இல் திருநெல்வேலியிலே அவர் அமைத்த பரமேசுவரக் கல்லூரியின் வளவிலேயே 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. அதுவே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1906 முதல் அருணாசலம் வேண்டிநின்ற சர்வகலாசாலை, 1921இல் கல்லூரியாகவும் 1942இல் முழுச் சர்வகலாசாலையாகவும் மலர்ந்தது. பேராதனையிலே இராமநாதன் மண்டபமும் அருணாசலம் மண்டபமும் எல்லா இனத்து மாணவர்க்கும் உறைவிடமாக இருக்கின்றன. தந்தையார் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை இராமநாதன் கருங்கல்லினால் மீளக் கட்டுவித்தார். அங்கே நாளும் பூசை நடக்கின்றது.

குடும்பம் தனக்கென வைத்திருந்தவை மறைந்தன; ஊருக்கென்று கொடுத்துவிட்டவை நின்றன. இதுவே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.

ஆகவே, உங்கள் இல்லங்களிலே வம்சாவளி எழுதும்போது மூன்று செய்திகளை மறவாதீர்கள். பெண்மக்களின் பெயர்களையும் அவர்கள் பிறந்த ஊர்களையும் எழுதுங்கள்; கிளைகளை இணைப்பவர் அவர்களே. ஒவ்வொருவரும் வகித்த பதவியை மட்டும் எழுதாது, அவர் பிறர்க்குச் செய்தது இன்னதென்று ஒரு வரி எழுதுங்கள். கிணறு வெட்டியவரும், அயற்பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் காசு கட்டியவரும், தன் காணியிலே பாதை விட்டவரும் அவ்வரிக்கு உரியவரே. முன்னோர் எங்கே வழுவினர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குறையை மறைத்து வளர்த்த பெருமை அடுத்த தலைமுறையின் முதல் வினாவுக்கே நில்லாது.

எல்லாக் குடும்பத்திலும் இராமநாதனும் அருணாசலமும் பிறக்கமாட்டார்கள். ஆயினும் தன் ஊருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகும் ஒருவரேனும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கலாம். அத்தகையோரின் பெயரைத் தேடி எடுத்து எழுதிவைத்தல் நம் கடமை.